பன்னிரண்டு கண்ட்ரோல் எலிகள்

டைமரில் நூற்றிருபது நிமிடம் வைத்துவிட்டு சுகிர்தா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி பத்து இருபது. எதிரே இன்குபேட்டருக்குள் பிளேட் இருக்கிறது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழிகள், ஒவ்வொன்றும் ஒரு கடலைப் பருப்பு கொள்கிற அளவு. முதல் இரண்டு பத்தியில் கம்பெனிக்காரன் கொடுத்த அளவு மாதிரிகள், அடுத்த மூன்று பத்தியில் எலிக்கு இரண்டு குழி வீதம் கண்ட்ரோல் எலிகளின் ரத்த நீர், அதற்கடுத்த மூன்றில் மருந்து குடித்த எலிகளுடையது. இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காது, நடப்பது கண்ணுக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்க்காவிட்டாலும் அது பாட்டுக்கு நடக்கும், அப்படியிருந்தும் எழுந்து போக முடியவில்லை. கண்ட்ரோல் பத்திகள் மூன்றும் கடைசியில் நிறமில்லாமல் நின்றால் அவள் பிழைத்தாள். மற்ற மூன்றைப் போலவே நிறம் ஏறினால் நாலரை வருடம் மண், மார்ச்சில் அச்சான கட்டுரை மண், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய ஆய்வேட்டுச் சினாப்சிஸ் மண், சாத்தூரில் அம்மா கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் போடுவதற்காக நாலு வரன்களைக் காக்க வைத்து, அதில் மூன்று பேருக்குக் குழந்தையே பிறந்துவிட்ட அந்த 'டாக்டர்' மண். நிறம் ஏறக்கூடாது என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்கிறவள் அப்படி வேண்டிக்கொள்ளக்கூடாது, வேண்டிக்கொள்ளாமல் இருக்கிறேன் பார் கர்த்தரே என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அது எந்த வகை வேண்டுதல் என்பது கர்த்தருக்குத் தெரியாமலா இருக்கும்.

இரண்டே வார்த்தை. கண்ட்ரோல், சலைன். நோட்டுப் புத்தகத்தில் போன நவம்பர் பக்கத்தில் அவள் கையெழுத்தில், அடிக்கோடு வேறு, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. முதல் வருடம் முதல் நாளிலிருந்து மண்டையில் ஏற்றினது அதுதானே, மருந்து கொடுக்கிற எலிக்கு மருந்து, கண்ட்ரோல் எலிக்கு வெறும் உப்புத் தண்ணீர், அது சலைன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்லலாம். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவளும் அப்படித்தான் எழுதினாள், கை எழுதிவிட்டது, மூளையைக் கேட்கவில்லை. ஆனால் அளப்பதற்குக் கம்பெனிக்காரன் விற்கிற இந்தக் கிட் மற்றதைப் போல இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் காட்டுகிற இன்டர்ஃபெரான் என்கிற சரக்கு ரத்தத்தில் சுரந்த வேகத்தில் காணாமல் போகிறது, செல்கள் ஒன்றுக்கொன்று எழுதிக் கொடுத்து உடனே கிழித்துப் போடுகிற துண்டுச்சீட்டு மாதிரி, ரத்தத்தை எடுத்து அளக்கப் போனால் ஒன்றும் அகப்படாது. அதனால் உயிரோடு இருக்கும் எலிக்கு முதலில் ஒரு ஆன்டிபாடியை ஊசியில் ஏற்றி விடுவது, அது உள்ளே போய் சுரக்கச் சுரக்க இன்டர்ஃபெரானைக் கவ்விக்கொண்டு சோடியாகச் சுற்றும், ஒரு நாள் கழித்து ரத்தம் எடுத்து அந்தச் சோடியை அளப்பது. அந்த ஆன்டிபாடி மருந்து இல்லை, அது வலை. வலையை எல்லா எலிக்கும் போட வேண்டும், மருந்து குடித்ததற்கும், குடிக்காததற்கும். அவள் என்ன செய்தாள், மருந்து குடித்த பன்னிரண்டுக்கு வலை போட்டாள், கண்ட்ரோல் பன்னிரண்டுக்கு ஊசியில் சலைன் போட்டாள். ஒரு குளத்தில் வலை வீசி, இன்னொரு குளத்தில் கையைக் கழுவிவிட்டு வந்து, அங்கே மீனே இல்லை என்று உலகத்துக்குச் சொன்னாள். கட்டுரையின் வரைபடத்தில் கண்ட்ரோல் தரையோடு தரையாக இருந்தது, மருந்து கொடுத்தது பனைமரம் மாதிரி நின்றது. இவ்வளவு சுத்தமாக ஒரு முடிவு வருமா என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஏனென்றால் சந்தோஷமாக இருந்தது, நாலு வருடமாக ஒன்றும் வராமல் இருந்து வந்தது, வந்ததைப் போய் ஏன் வந்தாய் என்று யார் கேட்பார்கள். கிட்டோடு வந்த காகிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது, கண்ட்ரோல் உட்பட எல்லா விலங்குக்கும் செலுத்தவும் என்று. சினாப்சிஸுக்கு ஏதோ ஒரு அளவு தேவைப்பட்டு மூன்று வாரத்துக்கு முன் அந்தக் காகிதத்தைப் பிரித்தாள். பிரிக்காமல் இருந்திருக்கலாம். அளவைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கலாம், எத்தனை பேர் போடுகிறார்கள். ஒழுங்காகச் செய்யப் போய்த்தான் மாட்டிக்கொண்டாள், இதை யாரிடம் சொல்லி அழுவது.

இன்னும் எண்பத்தேழு நிமிடம். பக்கத்து அறையில் சென்ட்ரிஃபியூஜ் சுற்றி அடங்குகிறது. கையை முகர்ந்து பார்த்தால் உமி வாசனை, இரண்டு நாளாகச் சோப்புப் போட்டும் போகவில்லை. இது மனசில் இருக்கிற வாசனையா கையில் இருப்பதா என்று இன்னொரு முறை முகர்ந்தாள். எலிக்கூண்டில் போடுகிற உமி, மூத்திரம் ஊறினது, அதற்குள் வெள்ளை வெள்ளையாக, காது மட்டும் ரோஸ் நிறத்தில். முதல் தடவை இருபத்து நாலு, இப்போது இன்னும் இருபத்து நாலு. அனுமதிக் கடிதத்தில் எதற்கு இத்தனை விலங்கு என்ற கட்டத்தில் 'மறு உறுதிப்பாட்டுக்காக' என்று எழுதினாள். எவ்வளவு கௌரவமான வார்த்தை. என் தப்பைத் திருத்துவதற்காக என்று எழுத ஒரு கட்டம் இருந்தால் எழுதியிருப்பாளா? எழுதியிருக்க மாட்டாள். நாற்பத்தெட்டையும் பிடித்துக் கொடுத்தது கோதண்டம் அண்ணன், எலிக்கூடத்து ஊழியர், இருபது வருட சர்வீஸ், அவர் பிடித்தால் எலி கடிக்காது, கழுத்துத் தோலை இரண்டு விரலால் தூக்கி வயிற்றைக் காட்டுவார், தடுப்பூசிக்குப் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி. மார்ச்சில் பேப்பரில் செய்தி வந்தபோது, மலையிலிருந்து கைடு மேடம் வரவழைத்த வேர் எதிர்ப்புச் சக்தியைப் பல மடங்கு கூட்டுகிறது என்று நாலு பத்திச் செய்தி, மேடம் படமும் ஓரத்தில் சுகிர்தாவின் பாதி முகமும், அதை வெட்டி எலிக்கூடத்துக் கதவில் ஒட்டினவர் அவர்தான். அன்றைக்குத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார், வீட்டில் சம்சாரத்துக்கு டிபி, கவர்மென்ட் மாத்திரை ஓடுகிறது, கூடவே இந்த வேரைக் கொடுக்கலாமா டாக்டரம்மா என்று. டாக்டரம்மா. இன்னும் பட்டமே வாங்காதவளை அப்படி முதலில் கூப்பிட்டவர் அவர். அந்த ஒரு வார்த்தைக்குக் குளிர்ந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பை நிறைய வேரை அள்ளிக் கொடுத்தாள், காசு வேண்டாம் அண்ணே என்று தாராளம் வேறு. கூடவே கொடுக்கலாம், கெடுதல் இல்லை என்றாள். கெடுதல் இல்லை என்று எந்த எலி சொன்னது அவளுக்கு. போகட்டும், மாத்திரை ஓடுகிறதே, வேர் பாட்டுக்கு வேர், மாத்திரை பாட்டுக்கு மாத்திரை. இதை எத்தனை தடவை தனக்குச் சொல்லிவிட்டாள், நேற்று பஸ்ஸில், முந்தாநாள் குளிக்கும்போது, சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரிதான் இருக்கிறது.

மேடத்திடம் சொன்ன நாள். டாக்டர் பத்மலோசனி, மேசையில் கண்ணாடிக்கு அடியில் ஐந்து நாட்டுக் கருத்தரங்கு அட்டைகள், ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம், அந்த ஒன்றரை வருடத்தை இந்த வேரின் மேல்தான் கட்டியிருந்தாள். சுகிர்தா நின்றுகொண்டே சொன்னாள், காகிதத்தில் அந்த வரியின் கீழ் நகத்தை வைத்துக் காட்டினாள். மேடம் படித்தாள், மறுபடி படித்தாள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை. "சலைன்னு எழுதினது உன் கையெழுத்துதானேம்மா" என்றாள், அவ்வளவு மெதுவாக. ஆமாம் மேடம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே 'பார்த்தேன்' என்று போட்டிருப்பது உங்கள் கையெழுத்து மேடம். இதை அவள் சொல்லவில்லை, மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், பாத்ரூம் கண்ணாடியில் நன்றாக வருகிறது, குரல்கூட நடுங்குவதில்லை. "மறுபடி பண்ணு. சரியா பண்ணு. வர்ற வரைக்கும் வெளியில மூச்சு விடாதே" என்றாள் மேடம். நுணலும் தன் வாயால் கெடும் என்று அன்று பஸ் ஸ்டாப்பில் நினைத்துக்கொண்டாள். கத்தாமல் இருந்தால் நுணல் என்ன ஆகும், பாம்புக்கு வேறு வழியில் கிடைக்கும், அதுதானே.

டைமர் அடித்தது. பிளேட்டை எடுத்து, கவிழ்த்து உதறி, கழுவி, மறுபடி உதறி, காகிதத்தில் தட்டி, ஐந்து முறை. இதெல்லாம் கைக்குத் தெரியும், சலைன் என்று எழுதின அதே கைக்கு. அடுத்தது என்சைம். குழியில் சோடி ஒட்டியிருந்தால் என்சைம் அதில் ஒட்டும், பிறகு ஊற்றுகிற கரைசலை நிறமாக்குவது அதுதான். எட்டு முனைப் பைப்பெட்டில் ஏற்றினாள், முதல் பத்தி, இரண்டாம் பத்தி, மூன்றாம் பத்திக்கு மேல் கை நின்றுவிட்டது. விடாமல் தாண்டினால்? மூன்று பத்தி, மூன்று அழுத்தல், அதற்கு பதில் வெறும் கழுவு நீரை விட்டால் போதும், என்சைம் இல்லாத குழியில் நிறம் ஏறாது, ரத்தத்தில் என்ன இருந்தாலும் ஏறாது. கண்ட்ரோல் தரையோடு தரையாக. அறையில் யாரும் இல்லை. கேமரா இருக்கிறது, அது சிசிடிவி கம்பெனிக்காரன் வந்து போனதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் தடவை தெரியாமல் செய்தாய், இப்போது தெரிந்து செய்யப் போகிறாய், அவ்வளவுதானே வித்தியாசம், எலிக்கு இரண்டும் ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், இது பூசணிக்காயா, ஒரு குழிக்கு நூறு மைக்ரோலிட்டர், இரண்டு சொட்டுத் தண்ணீர், இதை மறைக்கச் சோறே வேண்டாம். கட்டை விரல் வலித்தது. பைப்பெட் முனைகளில் எட்டுத் துளி திரண்டு நிற்கிறது, இன்னும் கொஞ்சம் நின்றால் தானாகவே விழும். நல்லவளாக இருப்பதற்காக அவள் அழுத்தவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாண்டினால், தாண்டினது தனக்குத் தெரியும், பிறகு வாழ்நாள் முழுதும் அந்த வேர் வேலை செய்கிறதா இல்லையா என்று தனக்கு மட்டும் தெரியாமலே போகும். அந்த அரிப்பைத் தாங்க முடியாது என்பதால் அழுத்தினாள். மூன்றாம் பத்தி, நான்காம் பத்தி, ஐந்தாம் பத்தி, வேகமாக, மனசு மாறுவதற்குள்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி கழுவி, கரைசலை விட்டு, பிளேட்டை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தாள். இனி பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. முதல் நிமிடம் எல்லாம் தண்ணீர். அளவு மாதிரிப் பத்தியின் உச்சியில் லேசாக நீலம் ஏறியது, சரி, கிட் வேலை செய்கிறது. பிறகு ஆறாம் பத்தி, மருந்து குடித்தவை, சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று. அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள், "ஏன்டி, எலி எல்லாம் செத்துச்சா இல்லையா, எப்பத்தான் முடியும்?" எலி எல்லாம் செத்துவிட்டதம்மா, அதில் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் பத்தியைப் பார்க்காமல் ஏழாம் பத்தியைப் பார்த்தாள், எட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வெளியே வேப்பமரத்தடியில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துத்தானே ஆக வேண்டும். பார்த்தாள். மூன்றாம் பத்தியில் எட்டுக் குழியும் நீலம். நான்கிலும் நீலம். ஐந்திலும். பக்கத்தில் இருக்கும் ஆறுக்கும் இதற்கும் கண்ணால் பிரிக்க ஒன்றுமில்லை, ஒரே துணியில் வெட்டின மாதிரி. மருந்து குடித்த எலியும் குடிக்காத எலியும் ஒன்று. வேர் வெறும் வேர். ஐயோ என்று வரவில்லை, இவ்வளவுதானா என்று வந்தது. நிறம் ஏறுவதை நிறுத்துகிற அமிலத்தை விட்டாள், நாற்பத்தெட்டுக் குழியும் ஒன்றுபோல மஞ்சளாக மாறின, கருவியில் வைத்து எண்களை எடுத்தாள், எண்களும் அதையே சொல்லின.

மேடம் தானே வந்துவிட்டாள், கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பிளேட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள், அவள் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சளாக விழுந்தது. சுகிர்தா கண்ணாடி முன்னால் பழகியதையெல்லாம் வாய்க்குக் கொண்டுவந்தாள், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் மேடம், என் தப்பு என்று நானே எழுதுகிறேன் மேடம். மேடம் பிளேட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிட் அட்டைப் பெட்டியைத் திருப்பினாள், பக்கவாட்டில் விரலை ஓட்டினாள்.

"ஜூன் முப்பது. எக்ஸ்பயரி ஆயிருக்கே இது."

"முன்னாடியே ஆர்டர் போட்டு வெச்சது மேடம், கஸ்டம்ஸ்ல ரெண்டு மாசம் கிடந்துச்சு. ஆனா அளவு மாதிரியோட ஸ்டாண்டர்டு கோடு சரியா வந்திருக்கு. கிட் நல்லாத்தான் இருக்கு."

"எக்ஸ்பயரி ஆன கிட்ல வந்ததை வெச்சு நான் என்னம்மா சொல்ல முடியும்? இது செல்லாது." மேடம் அவள் தோளைத் தொட்டாள், நாலரை வருடத்தில் முதல் முறை. "புதுக் கிட்டுக்கு எழுதுவோம். அது வர மூணு நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் சினாப்சிஸை ஏன் நிறுத்தணும்? வெள்ளிக்கிழமை கொடுத்துடு. நோட்டுல, கிட் காலாவதி, முடிவு எடுத்துக்கலைன்னு எழுதிடு. உண்மைதானே."

உண்மைதான். அதில்தான் விஷயமே இருக்கிறது, அது உண்மைதான். பனைமரம் நின்ற அந்த முதல் பிளேட் போட்ட கிட்டும் இரண்டு மாதம் காலாவதியானது, தேதி எல்லாம் கம்பெனிக்காரன் பிழைப்புக்கு, நம்ம நாட்டில் பார்த்தால் முடியுமா என்று அன்றைக்குச் சிரித்தவள் இதே மேடம். சுகிர்தா அதைச் சொல்ல வாயெடுத்தாள், "சரி மேடம்" என்று வந்தது. வந்த பிறகு திகைத்தாள். திகைப்பைவிட மோசம், நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. மூன்று வாரமாக அழுத்தினது மனசாட்சி என்று நினைத்திருந்தாள், வெறும் பயம்தானா அது, மாட்டிக்கொள்ள மாட்டாய் என்றதும் ஓடிவிட்டதே. சீ என்று தன்னையே சொன்னாள், சொல்லிக்கொண்டே நோட்டில் அந்த வரியை எழுதினாள், அழகாக விழுந்தது எழுத்து. மேடம் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, படங்களின் கீழே குறிப்பு எழுத வேண்டும், அம்மாவுக்குப் போன் பண்ணி முடியப்போகிறது என்று சொல்லலாம், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை என்றுகூட மனசு போயிற்று, பட்டமளிப்புக்குக் கட்ட. கையைக் கழுவிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். கோதண்டம் உமி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார், அவளைக் கண்டதும் நின்றார்.

"இன்னாமா, ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே." சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்குறா. சோறுதான் எறங்க மாட்டேங்குது, எளச்சிட்டா. ஆனா நீங்க குடுத்த வேரை மட்டும் கஷாயம் வெச்சு காலைல ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர், டாண்ணு குடிச்சிடுவா."

"மாத்திரை?"

"அத்த சித்திரையிலயே நிறுத்திட்டோமே. முழுங்கினா ஒரே வாந்தி. வேரு இருக்கச்சொல்ல அது எதுக்குன்னு உட்டாச்சு."

சித்திரை, வைகாசி, ஆனி, இப்போது ஆடி. அவள் விரல் தானாக எண்ணியது. "நிறுத்தவே கூடாதுண்ணே. இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, மறுபடி ஆரம்பிக்கணும்." அவர் சிரித்தார், படித்தவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள் என்கிற மரியாதையான சிரிப்பு. "டாக்டருங்க அப்டித்தான்மா சொல்லணும். நான் பாத்தேனே, நான்தானே புடிச்சுக் குடுத்தேன். மருந்து குடிச்சதுக்கு எகிறிச்சுன்னு பேப்பர்லயே போட்டுட்டான், உங்க போட்டோவோட." இவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் எலிக்கூடம், ஆபீஸ், காவலாளி வரை போய்விடும், நாளைக் காலையில் மேடம் மேசைக்குப் போய்விடும், வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளே இருக்காது. மாத்திரையை எடுக்கச் சொல்லு, காரணம் சொல்லாதே. சொன்னேனே, சிரிக்கிறாரே. இன்னும் அழுத்திச் சொல்லு. அழுத்திச் சொன்னாலும் அந்த பேப்பர் கதவில் இருக்கிறதே, என் பாதி முகம் அங்கே நின்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறதே. அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு நகரப் பார்த்தார்.

"அது தப்புண்ணே."

"எது?"

"பேப்பர்ல வந்தது. அந்த வேர் ஒண்ணும் பண்ணல. முதல் தடவை புடிச்சுக் குடுத்தீங்களே, அதுல கண்ட்ரோல் பன்னெண்டுக்கும் போட வேண்டிய ஊசிய நான் போடல. வெறும் உப்புத் தண்ணி போட்டேன். அதான் அப்படித் தெரிஞ்சுது. இன்னைக்குச் சரியா போட்டுப் பாத்தாச்சு. ரெண்டும் ஒண்ணுதான்."

கோதண்டம் மூட்டையை இறக்கிச் சுவரோரமாக வைத்தார். அது சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாரோ, மூன்று வாரம் என்று எப்படிச் சொல்வது. அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எட்டப் பிடித்து, எண்ணைத் தேடி அழுத்தினார்.

"அலமேலு, அந்தக் கஷாயம் மிச்சம் இருக்குதா? கீழ ஊத்திடு. சொன்னா ஊத்து. அந்த மாத்திர டப்பாவத் தேடி எடுத்து வை, நான் லீவு சொல்லிட்டு வரேன், ஆஸ்பத்திரி போவலாம்." எதிர்முனையில் அந்த அம்மாள் இருமுவது சுகிர்தாவுக்கே கேட்டது, இருமல் நின்ற பிறகு ஏதோ கேட்டாள். கோதண்டம் நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தார், இன்றைக்கு வேலைக்குச் சேர்ந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

"யாருமில்ல" என்றார் போனில். "இங்க லேப்ல ஒரு பொண்ணு சொல்லுச்சு."